பழைய வி.சி.டி., டி.வி.டி.களை வீட்டுக் கோப்பாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் எந்தப் பழைய தமிழ் வீட்டுக்குப் போனாலும் டி.வி. மேசைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். மஸ்ஜித் இந்தியாவில் வாங்கிய வி.சி.டி., பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் வாங்கிய டி.வி.டி., நடுவில் அக்காவின் கல்யாண டிஸ்க் இரண்டு. பிளேயர் எப்போதோ கெட்டுப்போயிருக்கும். பிளேயர் இருந்தாலும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைச் செருகப் புது டி.வி.யில் இடம் இல்லை. அந்தப் பெட்டியில் இருப்பதைத் தரம் கெடாமல் கோப்புகளாக மாற்ற நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கம். சொந்தக்காரர்களும் நண்பர்களும் வாட்சாப்பில் திரும்பத் திரும்பக் கேட்டவைதான் இங்கே கேள்விகளாக இருக்கின்றன.

எந்த டிஸ்க்கை முதலில் எடுப்பது?

கல்யாணம், மஞ்சள் நீராட்டு, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், பத்துமலைக் காவடி என்று குடும்பத்துக்காகப் பதிவு செய்தவை முதலில். சினிமா கடைசியில்.

இது பாசத்துக்காக மட்டும் சொல்வதில்லை. கடையில் விற்கும் படத்தின் டிஸ்க் ஆலையில் அச்சிட்டது. தகவல் பிளாஸ்டிக்கில் குழிகளாகவே பதிந்திருக்கும். ஸ்டூடியோக்காரர் எரித்துக் கொடுத்தது டி.வி.டி.-ஆர். அதில் தகவல் என்பது ஒரு சாய அடுக்கில் லேசர் சுட்ட தடம். வெளிச்சம், சூடு, ஈரப்பதம் மூன்றும் அந்தச் சாயத்தை மங்க வைக்கும். நம் ஊரில் இந்த மூன்றுக்கும் பஞ்சமே இல்லை. மேலே மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். ஸ்டிக்கர் சுருங்கச் சுருங்க டிஸ்க் லேசாக வளைந்து, வேகமாகச் சுழலும்போது ஆட்டம் காணும். அதற்காக ஸ்டிக்கரைப் பிய்த்துவிடாதீர்கள். சி.டி.-ஆர் ஆக இருந்தால் தகவல் அடுக்கும் சேர்ந்து வந்துவிடும்.

சொந்தக் காசில் வாங்கிய படத்தை நகல் எடுப்பது தப்பா?

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 2012 திருத்தத்துக்குப் பிறகு 36ஏ என்ற பிரிவு இருக்கிறது. டிஸ்க்கில் போட்டிருக்கும் தொழில்நுட்பப் பூட்டைத் தாண்டுவதை அது தடுக்கிறது. ஆகவே பூட்டு உடைக்கும் மென்பொருள் பற்றி இங்கே எதுவும் இல்லை. கேட்டாலும் சொல்ல மாட்டேன். வீட்டுப் பதிவுகள், பூட்டே இல்லாத டிஸ்க்குகள், நீங்களே படம் பிடித்தவை ஆகியவற்றுக்குத்தான் கீழே உள்ளது. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய திருட்டு டிஸ்க்கை வைத்துக்கொண்டு தரம் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

என்னென்ன வேண்டும்?

யு.எஸ்.பி. டி.வி.டி. டிரைவ் ஒன்று. லோ யாட் பிளாசாவில் கேட்டுப் பாருங்கள். பழைய மேசைக்கணினியில் இருந்த பெரிய டிரைவ் வீட்டில் கிடந்தால் அதையும் தூக்கிப் போடாதீர்கள். மெல்லிய டிரைவ் திணறும் டிஸ்க்கை அது சாவகாசமாகப் படிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மென்பொருளுக்குச் செலவு இல்லை: மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக், பார்ப்பதற்கு வி.எல்.சி., ஒட்டுவதற்கு எம்.கே.வி.டூல்நிக்ஸ். ஹார்ட் டிஸ்க்கில் தாராளமாக இடம் வேண்டும். ஒரடுக்கு டி.வி.டி. 4.7 ஜி.பி., ஈரடுக்கு 8.5 ஜி.பி.

டிஸ்க்கில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி இருக்கிறது. துடைக்கலாமா?

துடைக்கலாம், வட்டமாக மட்டும் துடைக்காதீர்கள். நடு ஓட்டையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும். தகவல் வட்டப் பாதையில் ஓடுகிறது. குறுக்கே விழும் கீறலை டிஸ்க்கின் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். பாதையோடு ஒட்டி நீளமாக விழும் கீறலைச் சமாளிக்காது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி போதும். பற்பசை வைத்தியம் வேண்டாம்.

துடைத்தும் பாதியில் நின்றால் டிடிரெஸ்க்யூ என்ற கருவியைப் பாருங்கள். படிக்க முடிந்ததை முதலில் எடுத்து வைத்துவிட்டு, முடியாத இடங்களுக்குப் பிறகு திரும்பிப் போய் முயலும். எங்கே விட்டது என்று குறிப்பும் வைத்துக்கொள்ளும். டிரைவை மாற்றி அதே குறிப்போடு தொடர்ந்தால் முதல் டிரைவ் விட்ட பகுதியை இரண்டாவது எடுத்துக்கொடுக்கலாம்.

நேரே ஹேண்ட்பிரேக்கில் போட்டு எம்.பி.4 ஆக்கிவிட்டால் போதாதா?

போதாது. முதலில் டிஸ்க்கை முழுதாக, எதையும் சுருக்காத அச்சு நகலான ஓர் ஐ.எஸ்.ஓ. கோப்பாக எடுங்கள். விண்டோஸில் இம்க்பர்ன், மேக்கில் டிஸ்க் யுடிலிட்டி, இரண்டிலும் அது முடியும். மாற்றும் வேலையெல்லாம் அந்தக் கோப்பின் மேல்தான்.

டி.வி.டி.யில் இருப்பது எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய வீடியோ. அதை எச்.264 என்ற புதிய சுருக்க முறைக்கு மாற்றும்போது கண்ணுக்குத் தெரிந்தோ தெரியாமலோ கொஞ்சம் போகும், போனது திரும்பாது. கல்யாண டிஸ்க்கின் ஐ.எஸ்.ஓ. பத்திரமாக இருந்தால், இன்றைக்கு அவசரத்தில் தப்பான அமைப்பில் மாற்றினாலும் அடுத்த வருடம் திருத்திக்கொள்ளலாம். எம்.பி.4 மட்டும் வைத்துக்கொண்டு டிஸ்க்கைத் தொலைத்துவிட்டால் அதோடு முடிந்தது. வீட்டுப் பதிவைப் பொறுத்தவரை ஐ.எஸ்.ஓ.தான் காப்பு. மாற்றிய கோப்பு சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதற்கு.

இன்னொன்று. டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ ஒரு ஜி.பி. அளவில் துண்டு துண்டாக வி.ஓ.பி. கோப்புகளாகத் தெரியும். ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றி அப்புறம் ஒட்டாதீர்கள். துண்டு விழும் இடம் காட்சி முடியும் இடமாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒட்டிய இடத்தில் ஒலி எகிறும். ஐ.எஸ்.ஓ.வை ஹேண்ட்பிரேக்கில் திறந்தால் அதுவே தலைப்புகளாகப் பிரித்துக் காட்டும்.

4கே ஆக்கினால் தெளிவாகுமா?

ஆகாது. 576 கோடுதான் இருக்கிறது என்றால் 576 கோடுதான். பெரிதாக்கும் வேலையை உங்கள் டி.வி.யே ஓட்டும்போது செய்துகொள்ளும், கோப்பின் அளவும் ஏறாது.

ஆள் அசைந்தால் உடம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு. இது என்ன?

தரம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பிட்ரேட் (விநாடிக்கு எவ்வளவு தகவல் என்ற கணக்கு) பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

பழைய டி.வி. முழுப் படத்தை ஒரே தடவையில் வரையாது. ஒற்றைப்படைக் கோடுகளை முதலில், இரட்டைப்படைக் கோடுகளை அடுத்து. இந்த அரைப்படம் ஒவ்வொன்றுக்கும் ஃபீல்டு என்று பெயர். மலேசியா 'பால்' (PAL) என்ற டி.வி. முறையில் இருந்த நாடு: விநாடிக்கு 25 பிரேம் (முழுப் படம்), அதாவது 50 ஃபீல்டு. கேம்கார்டரில் எடுத்த கல்யாண வீடியோவில் அந்த 50-உம் வெவ்வேறு நொடித்துளியில் எடுத்தவை. மாப்பிள்ளையின் கை தாலியோடு நகரும்போது ஒற்றைக் கோட்டில் ஓர் இடத்திலும் இரட்டைக் கோட்டில் சற்றுத் தள்ளியும் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் சீப்பு.

இதைப் போக்க ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் பகுதி உண்டு. பலரும் அதைச் சும்மா ஆன் செய்துவிட்டு 25 பிரேமில் முடித்துவிடுகிறார்கள். சீப்பு போய்விடும், கூடவே அசைவில் பாதியும் போய்விடும். கல்யாண வீடியோவுக்கு 'பாப்' (Bob) என்ற முன்னமைப்பைத் தேர்ந்து, பிரேம் வீதத்தை 50 என்று கையால் போடுங்கள். ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு முழுப் பிரேம் ஆகும். அசைவு டிஸ்க்கில் இருந்தது போலவே வழுவழுவென்று ஓடும். மேளக்காரர் கை அடிக்கும் வேகத்தைப் பாருங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உடனே புரியும்.

சினிமா டிஸ்க்குக்கு இதே வைத்தியம் செய்தால் கெட்டுப்போகும். படம் பிடித்தது விநாடிக்கு 24 பிரேம். வெளிநாட்டுக்கென்று வந்த தமிழ் டி.வி.டி.களில் பெரும்பாலானவை என்.டி.எஸ்.சி. என்ற இன்னொரு டி.வி. முறை, விநாடிக்கு 29.97 பிரேம். 24-ஐ அந்த எண்ணுக்கு இழுக்க, ஒரு படப்பிரேமுக்கு இரண்டு ஃபீல்டு, அடுத்ததற்கு மூன்று என்று மாற்றி மாற்றிப் பங்கிடுவார்கள். நான்கு பிரேம் ஐந்தாகிறது. இதற்கு டெலிசினி என்று பெயர். இங்கே எந்த ஃபீல்டும் புது நொடியில் எடுத்ததல்ல, ஆகவே பிரித்ததைச் சரியாகச் சேர்த்தாலே முழுப் பிரேம் பழுதில்லாமல் கிடைத்துவிடும். 'டீடெலிசினி' வசதி அதைத்தான் செய்கிறது. அதை விட்டுவிட்டு டீஇன்டர்லேஸ் போட்டால் கோடுகளை வீணாக இழக்கிறீர்கள், கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளும் திக்கித் திக்கி ஓடும்.

எது எது என்று கண்டுபிடிக்க வி.எல்.சி. போதும். வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை முதலில் அணைத்துவிடுங்கள். ஆன் செய்திருந்தால் அது சீப்பை மறைத்துவிடும். ஆள் நடக்கும் காட்சியில் நிறுத்தி 'ஈ' (E) விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பிரேமாகப் போங்கள். எல்லாப் பிரேமிலும் சீப்பு இருந்தால் கேம்கார்டர் வகை. மூன்று சுத்தம், இரண்டு சீப்பு என்று ஐந்தைந்தாகத் திரும்பி வந்தால் டெலிசினி. சீப்பே இல்லை என்றால் எதையும் தொடாதீர்கள்.

நான்காவது வகை ஒன்று உண்டு. சீப்பு இருக்காது, ஆனால் அசையும் ஆளின் பக்கத்தில் மங்கலாக இன்னொரு ஆள் ஆவி போலத் தெரிவார். பால் மாஸ்டரை மலிவாக என்.டி.எஸ்.சி.க்கு மாற்றியபோது இரண்டு ஃபீல்டைக் கலந்துவிட்டதன் விளைவு. கலந்ததைப் பிரிக்க நல்ல வழி கிடையாது. இருப்பதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு நகருங்கள்.

பாட்டு கொஞ்சம் மேலே கேட்கிறது. என் காதில் கோளாறா?

காது சரிதான். டிஸ்க் பால் முறையில் இருந்தால் 24 பிரேம் படத்தை 25-இல் ஓட்டியிருப்பார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். ஒலியும் 4 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக வேகமெடுக்கும். சுருதி ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். வசனத்தில் யாரும் கவனிப்பதில்லை. முப்பது வருடமாக ரேடியோவில் கேட்ட பாட்டு என்றால் முதல் வரியிலேயே உறுத்தும்.

சந்தேகம் இருந்தால் அதே பாட்டைக் கைப்பேசியில் போட்டுப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். சுருதி ஒன்றாக இருந்தால் தயாரிப்பிலேயே திருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம், விட்டுவிடலாம். மாறியிருந்தால் வீடியோவை 24-க்கு இறக்கி, ஒலியையும் அதே விகிதத்தில் மெதுவாக்க வேண்டும். எஃப்.எஃப்.எம்பெக் என்ற மென்பொருள் இதைச் செய்யும். ஒலியை மறுபடி என்கோட் செய்யாமல் இது முடியாது. பாட்டுக்காகவே வைத்திருக்கும் படங்களுக்கு மட்டும் செய்யலாம். எல்லாவற்றுக்கும் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எல்லாருடைய முகமும் நீளமாக இருக்கிறது.

டி.வி.டி.யில் புள்ளிகள் சதுரம் அல்ல. 720-க்கு 576 என்ற அதே கட்டத்தை 4:3 என்று குறித்திருந்தால் 768 அகலத்துக்கும், 16:9 என்று குறித்திருந்தால் 1024 அகலத்துக்கும் விரித்துக் காட்ட வேண்டும். அகலத்திரையில் எடுத்துவிட்டு டிஸ்க்கில் 4:3 என்று குறித்துக் கொடுத்த கல்யாண டிஸ்க்குகள் நிறைய. அப்படிப்பட்டவற்றில் மணப்பெண் ஒட்டகச்சிவிங்கி போல இருப்பார். ஹேண்ட்பிரேக்கின் அளவுப் பகுதியில் விகிதத்தைக் கையால் மாற்றலாம். குத்துவிளக்குத் தட்டோ சாப்பாட்டுத் தட்டோ வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். முகத்தை வைத்துச் சரிசெய்தால் வீட்டில் சண்டைதான் வரும்.

ஆர்.எஃப். எண் எவ்வளவு வைக்கலாம்?

ஆர்.எஃப். என்பது தரத்தை நிலையாகப் பிடித்து, அளவை அதன் போக்கில் விடும் முறை. எண் குறைந்தால் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். ஹேண்ட்பிரேக் எச்.264 ஆக்கப் பயன்படுத்தும் எக்ஸ்264-இல் ஏறக்குறைய 6 எண் குறைத்தால் அளவு இரட்டிப்பாகும். டி.வி.டி. தரத்துக்கு 18 முதல் 22 வரை என்று ஹேண்ட்பிரேக் குழுவே பரிந்துரைக்கிறது. நான் சினிமாவுக்கு 19, கல்யாணத்துக்கு 18. வேகத்தை 'ஸ்லோ' என்று வைத்து இரவில் ஓட விடுங்கள்.

சினிமாவைவிடக் கல்யாணத்துக்கு ஏன் குறைந்த எண்? கெட்டிமேளம் முழங்கும் நொடியை எடுத்துக்கொள்ளுங்கள். நாலா பக்கமும் மஞ்சள் அரிசி பறக்கிறது, நாலைந்து கேமராவின் ஃபிளாஷ் வெட்டுகிறது, பின்னால் ஜரிகைப் புடவைகள் எழுந்து நிற்கின்றன. ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் ஒற்றுமையே இல்லை. வீடியோ சுருக்கம் என்பதே முந்தைய பிரேமில் இருப்பதை மறுபடி எழுதாமல் விடும் வித்தை. இங்கே விடுவதற்கு ஒன்றும் இல்லை. குடும்பமே திரும்பத் திரும்பப் பார்க்கும் நொடியும் இதுதான். இரண்டு மணி நேரத்தை 4.7 ஜி.பி. டிஸ்க்கில் வைத்தால் விநாடிக்குச் சுமார் 5 மெகாபிட் கிடைக்கும், பரவாயில்லை. நான்கு மணி நேரத்தை அதே டிஸ்க்கில் திணித்திருந்தால் அதில் பாதிதான். அரிசி பறக்கும்போது படம் ஏற்கெனவே சதுரம் சதுரமாக உடைந்திருக்கும். அதன் மேல் நாமும் கஞ்சத்தனம் காட்டினால் மிஞ்சுவது மஞ்சள் கறை மட்டுமே.

முழுவதையும் மாற்றும் முன் இந்த மாதிரி இடத்தில் ஒரு நிமிடம், இருட்டுக் காட்சி ஒன்றில் ஒரு நிமிடம் மட்டும் மாற்றி டி.வி.யில் போட்டுப் பாருங்கள். மடிக்கணினியில் மூக்கை ஒட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கோப்பு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டரை மணி நேரப் படம் சராசரி விநாடிக்கு 1.5 மெகாபிட்டில் நின்றால் வீடியோ மட்டும் 1.7 ஜி.பி. அளவு.

எச்.264-ஆ, எச்.265-ஆ? ஏ.வி.1 வந்துவிட்டதே?

டி.வி.டி.க்கு எச்.264. அப்பா வீட்டு டி.வி.யிலும் ஓடும், மருமகன் கைப்பேசியிலும் ஓடும். எச்.265 இடத்தைக் குறைக்கும், ஆனால் இவ்வளவு சிறிய படத்தில் மிச்சமாவது சில நூறு எம்.பி.; அதற்கு மாற்றும் நேரம் பல மடங்கு. ஏ.வி.1-ஐப் பழைய டி.வி.கள் திறக்கவே திறக்காது.

ஒரே விதிவிலக்கு: இருட்டுக் காட்சியில் சுவரெல்லாம் படிப்படியாகப் பட்டை விழுந்தால், நிறத்தை இன்னும் நுட்பமான படிகளில் பதியும் 10-பிட் உதவும். 10-பிட் எச்.264-ஐப் பெரும்பாலான டி.வி.கள் ஏற்காது. 10-பிட் எச்.265-ஐ 4கே டி.வி.கள் பொதுவாக ஏற்கும். ஆகவே 10-பிட் வேண்டுமானால் எச்.265.

கிராஃபிக்ஸ் கார்டில் போட்டால் பத்து நிமிடத்தில் முடிகிறதே?

முடியும். அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாகும், அல்லது அதே அளவுக்குத் தரம் இறங்கும். ஒருமுறை செய்து பல வருடம் வைத்திருக்கப்போகும் வேலைக்கு எதற்கு அவசரம்?

பழைய படத்தில் புள்ளியும் கீறலும் அதிகம். சுத்தம் செய்யலாமா?

லேசாக. ஹேண்ட்பிரேக்கில் இரைச்சல் குறைக்கும் என்.எல்.மீன்ஸ் வடிகட்டியை 'லைட்', மிஞ்சிப்போனால் 'மீடியம்'. அதற்கு மேல் போனால் முகத்தில் தோலே இருக்காது. தாடி, புடவையின் நெசவு, மழைத்துளி எல்லாம் இரைச்சலோடு சேர்ந்து போய்விடும். ஃபிலிமின் துகள் அழுக்கு அல்ல, படத்தின் பாகம். எக்ஸ்264-இல் 'ஃபிலிம்' என்ற டியூனைத் தேர்ந்து துகளை அப்படியே விடுவது என் வழக்கம். செங்குத்தாக ஓடும் கீறலை இந்த மாதிரி வடிகட்டி எடுக்காது, அது வேறு வேலை.

வி.சி.டி.யை என்ன செய்வது? மூன்று டிஸ்க்கில் ஒரு படம்.

அநேகமாக மறுபடி என்கோட் செய்யவே வேண்டாம். வி.சி.டி. என்பது எம்பெக்-1, பால் என்றால் 352-க்கு 288, வீடியோ விநாடிக்கு 1,150 கிலோபிட், ஒலி 224. ஏற்கெனவே எலும்பு தெரியச் சுருக்கியது. 160 நிமிடப் படம் மூன்று டிஸ்க்கும் சேர்ந்து 1.7 ஜி.பி.க்குள்தான். தரம் கெடாமல் எச்.264 ஆக்கினாலும் பெரிதாக மிச்சமில்லை. எம்.கே.வி.டூல்நிக்ஸில் முதல் டிஸ்க்கின் கோப்பைப் போட்டு மற்ற இரண்டையும் 'அப்பெண்ட்' செய்தால் ஒரே எம்.கே.வி. கோப்பு ஆகிவிடும், ஒரு புள்ளிகூட மாறாமல். டி.வி. எம்பெக்-1-ஐ ஓட்ட மறுத்தால் மட்டும் ஆர்.எஃப். 18-இல் மாற்றுங்கள். எம்பெக்-1-இல் ஃபீல்டு என்ற ஏற்பாடே கிடையாது, ஆகவே டீஇன்டர்லேஸை அணைத்துவிடுங்கள்.

ஒரு விஷயம்: வி.சி.டி.யில் வீடியோ இருக்கும் டாட் (.DAT) கோப்பைச் சாதாரணமாக நகல் எடுக்கும்போது அடிக்கடி பிழை காட்டி நின்றுவிடும். டிஸ்க்கில் அதிக நேரம் அடைப்பதற்காகப் பிழைதிருத்தத்துக்கான இடத்தையும் வீடியோவுக்கே கொடுத்திருக்கிறார்கள். சிறு கீறலுக்கும் கணினி நின்றுவிடும், பழைய பிளேயரோ ஒரு சின்னத் துள்ளலோடு தாண்டிப் போயிருக்கும். ஐசோபஸ்டர் போன்ற கருவிக்கு வி.சி.டி.யின் அமைப்பு தெரியும், அதில் எடுங்கள்.

மூன்று படம் ஒரே டி.வி.டி.யில் இருக்கிறது. எப்படி எடுத்தாலும் மங்கல்.

ஏழு எட்டு மணி நேரத்தை ஒரு டிஸ்க்கில் அடைத்தால் மங்கலாகத்தான் இருக்கும். அதே படம் தனி டிஸ்க்காகக் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். மூலையில் ஓடும் விநியோகஸ்தர் முத்திரையையும் அழிக்க முயலாதீர்கள். அழித்த இடம் முத்திரையைவிட அசிங்கமாக இருக்கும்.

ஒலியும் வசன எழுத்தும்?

ஒலியை மாற்றாதீர்கள். டி.வி.டி.யின் ஏசி-3 ஒலி 5.1 ஆக இருந்தாலும் 448 கிலோபிட்தான். 'பாஸ்த்ரு' தேர்ந்து அப்படியே கடத்துங்கள்.

டி.வி.டி.யின் வசன எழுத்து எழுத்தே அல்ல, சிறு படங்கள். எம்.கே.வி.யில் அப்படியே வைக்கலாம், ஆனால் பல டி.வி.கள் காட்டாது. ஆங்கில எழுத்தாக இருந்தால் சப்டைட்டில் எடிட் மென்பொருள் அதைப் படித்து எஸ்.ஆர்.டி. என்ற எழுத்துக் கோப்பு ஆக்கிக் கொடுக்கும், பெயர்களை மட்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். வீடியோவின் மேல் நிரந்தரமாகப் பதிக்க வேண்டாம், பாட்டு ஓடும்போது முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும்.

மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டையை வெட்டலாமா?

வெட்டலாம். தானியங்கி வெட்டு சில முன்னோட்டப் பிரேம்களை மட்டும் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. இருட்டுக் காட்சிகளாகவே மாட்டினால் தலையை வெட்டிவிடும். வசன எழுத்து பட்டைக்குள் பதிந்திருந்தால் அதையும் சேர்த்து வெட்டும். எண்களைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

புளூ-ரே?

கடையில் விற்கும் புளூ-ரே படங்களில் பூட்டு இருக்கும், அதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஸ்டூடியோ எரித்துக் கொடுத்த புளூ-ரே என்றால் பெரும்பாலும் 1080 கோடு, 50 ஃபீல்டு; கல்யாண டி.வி.டி.க்குச் சொன்ன அதே பாப் முறைதான். ஆர்.எஃப். 20 முதல் 22 போதும்.

இந்தியாவில் வாங்கிய டிஸ்க்கைப் போட்டால் மண்டலத்தை மாற்றச் சொல்கிறது.

டி.வி.டி.யில் மலேசியா 3-ஆம் மண்டலம், இந்தியா 5. கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்தது அப்படியே நின்றுவிடும். கேட்டதும் 'சரி' என்று தட்டிவிடாதீர்கள். தமிழ் டிஸ்க்குகளில் நிறைய எல்லா மண்டலத்துக்கும் பொதுவானவை, இந்தக் கேள்வியே வராது.

பென்டிரைவில் பெரிய கோப்பு ஏற மறுக்கிறது.

பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் ஆக மாற்றுங்கள், டி.வி. அதைப் படிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு. மாற்றினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும்.

கல்யாண வீடியோவை யூடியூபில் போட்டு எல்லாருக்கும் அனுப்பலாமா?

முயன்று பாருங்கள். ஆனால் அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் மணமக்கள் இதய வடிவத்துக்குள் சுழன்று வரும் காட்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு வைத்திருப்பார்கள். யூடியூபின் தானியங்கிக் கண்டறிதல் பாட்டைப் பிடித்துவிடும். ஒலியை அணைக்கச் சொல்லலாம், சில நாடுகளில் வீடியோவையே தடுக்கலாம். பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது தலைவலி இல்லாதது.

எல்லாம் முடிந்ததும் டிஸ்க்கைத் தூக்கிப் போடலாமா?

சினிமாவுக்கு உங்கள் விருப்பம். வீட்டுப் பதிவை வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட பையில் அல்ல, கெட்டிப் பெட்டியில், நிற்க வைத்து, இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. ஐ.எஸ்.ஓ.க்கள் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும், ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று கிள்ளானிலோ ஈப்போவிலோ இருக்கும் தங்கை வீட்டில். வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் செருகித் திறந்து பாருங்கள். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள்; சில டி.வி.கள் தமிழ்ப் பெயரைக் கட்டம் கட்டமாகக் காட்டுகின்றன.

இவ்வளவையும் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. கடையில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கொடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள். ஐ.எஸ்.ஓ.வும் சேர்த்துத் தருவார்களா? மாற்றிய கோப்பு 50 பிரேமா 25 பிரேமா? படத்தைத் 'தெளிவாக்கும்' வடிகட்டி எதையும் போடாமல் தர முடியுமா? முதலாவதற்கு மாட்டேன் என்றால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மற்ற இரண்டையும் பேசிச் சரிசெய்துகொள்ளலாம். மாற்றிய கோப்பு கையில் வந்ததும் கடையிலேயே தாலி கட்டும் இடத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.